வெயில் எந்தக் கன்னத்தில் அடித்தது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பொருள்களை எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். கல்விக் கொள்கை, தாய்மொழிக் கல்வி, தேர்வுச் சீர்திருத்தம். நான் நெல்லை மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டு புவியியல் வாத்தியாராக இருந்தவன். எனக்குத் தெரிந்தது ஒரு மைதானமும் பன்னிரண்டு கம்பாஸும்தான். அதைப் பற்றியே பேசுகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அறக்கட்டளைச் செயலாளர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி சார், உங்க விருப்பம்" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். "நாளைக்கு மைதானத்துல கம்பாஸ் பாடம்" என்று எட்டாம் வகுப்பில் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பாதிப் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களுக்குக் கம்பாஸ் என்றால் வட்டம் போடுகிற சாமான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். பெயரைக் கடன் வாங்கியபோது குழப்பத்தையும் சேர்த்து வாங்கிவிட்டோம். தமிழில் கவராயம் வேறு, திசைகாட்டி வேறு. அதைச் சொல்லிவிட்டு, "சரி, வடக்கு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்றேன். முன்வரிசையில் நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் கையை உயர்த்தி வானத்தைக் காட்டினான். நான் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து சுவரில் மாட்டிய வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது? படித்ததை அவன் ஒழுங்காகப் படித்திருக்கிறான்.

இத்தனைக்கும் திசை தெரியாத ஊர் அல்ல எங்கள் ஊர். அங்கே வழி கேட்டால் வலது, இடது என்று பெரியவர்கள் சொல்வதில்லை. "கெழக்க போயி, கோயில் தாண்டி தெக்க திரும்பு" என்பார்கள். என் ஆச்சி சாப்பாட்டுப் பந்தியில்கூட "அந்தச் செம்பக் கொஞ்சம் மேக்க தள்ளி வை" என்பாள். மதுரையில் மாசி வீதி நான்கும் திசையால் பெயர் பெற்றவை. திருநெல்வேலி டவுனில் ரதவீதி நான்கும் அப்படியே. கீழ், மேல் என்ற சொற்களுக்குள்ளேயே நம் நிலத்தின் சரிவு இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே கடல். பொதிகையில் இறங்கும் தாமிரபரணி புன்னக்காயலில் கடலைச் சேரும் பாதைதான் எங்களுக்கு மேலிருந்து கீழ். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்தார். கிராமத்தார் ஒரு பொருளின் இடத்தைக் கிழக்கு மேற்கு வைத்துச் சொல்கிறார்கள், நகரத்தார் இடம் வலம் வைத்துச் சொல்கிறார்கள் என்று காட்டினார். வானத்தைக் காட்டிய அந்தப் பையன் வீட்டில் தன் பாட்டியிடம் பேசும்போது திசை தவறமாட்டான். பள்ளிக்கூடத்துக்குள் வரும்போது அந்த அறிவைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரும்படி நாம்தான் செய்திருக்கிறோம்.

மைதானத்தில் முதல் வேலையாக நான் கம்பாஸைக் கையில் கொடுப்பதில்லை. ஒரு துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டுவேன். கொடிக்கம்பத்தடியில் நிற்க வைத்து, எதிரே எண்பது மீட்டர் தள்ளியுள்ள கால்பந்துக் கம்பத்தைக் காட்டி, "நேரா நட" என்பேன். யாரும் பேசக்கூடாது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். முதல் இருபது அடி நேராகப் போகும். பிறகு மெல்ல ஒரு பக்கமாக வளையும். சைக்கிள் நிறுத்தத்தில் போய் முட்டியவர்கள் உண்டு. கிளம்பிய இடத்துக்கே திரும்பப் பார்த்தவனும் உண்டு. கண்ணைத் திறந்ததும், "எல, நான் நேராத்தானே வந்தேன்!" என்று சண்டைக்கு வருவார்கள். 2009இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஜெர்மனியில் அடர்ந்த காட்டிலும் துனீசியாவில் பாலைவனத்திலும் ஆட்களை நடக்கவிட்டார்கள். வெயில் தெரிந்தபோது ஓரளவு நேராகப் போனவர்கள், மேகம் மூடியதும் தாம் வட்டம் போடுவது தெரியாமலே வட்டம் போட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் இருபது மீட்டர் அகலத்துக்குள்ளேயே சுற்றினார்கள். என் மைதானத்துக்கு இந்தச் செய்தி பின்னால்தான் வந்து சேர்ந்தது. வந்தபோது பிள்ளைகள், "சைக்கிள் ஸ்டாண்டுல முட்டினவன் பேரையும் போட்டிருக்காங்களா சார்?" என்று கேட்டார்கள்.

தன் கால் தன்னை ஏமாற்றும் என்று தெரிந்த பிறகு கம்பாஸைக் கொடுத்தால், அதை வாங்கும் கையே வேறு மாதிரி இருக்கும். நாங்கள் பயன்படுத்தியது அடியில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டு வைத்த வகை. ஸ்வீடன்காரர்கள் 1930களின் தொடக்கத்தில் கொண்டுவந்த வடிவம் அது. வரைபடமும் கம்பாஸுமாகக் காட்டுக்குள் இலக்கு தேடி ஓடும் ஓரியண்டீரிங் விளையாட்டை எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி ஸ்டாக்ஹோம் பக்கம் 1919இல் பெரிய அளவில் நடத்தினார். சாரணர் இயக்கத்திலும் ஈடுபட்டவர் அவர். அந்த விளையாட்டு வளர வளரக் கருவியும் எளிதாயிற்று. வட்டத்தைத் திருப்பி வேண்டிய பாகையை அம்புக்கோட்டுக்கு நேரே வைக்க வேண்டும். தட்டை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கை அப்படியே இருக்க உடம்போடு திரும்ப வேண்டும். அடியில் வரைந்திருக்கும் சிவப்புக் கட்டத்துக்குள் ஊசியின் சிவப்பு முனை வந்து உட்காரும்போது நிற்க வேண்டும். இப்போது அம்பு காட்டுவதுதான் போக வேண்டிய திசை. "சிவப்பு வீட்டுக்குள்ள சிவப்பு ஊசி" என்று பிள்ளைகளே ஒரு வாய்பாடு செய்துகொண்டார்கள்.

இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே தப்பைச் செய்வார்கள். ஊசியைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள், இந்தக் காலத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு தெருவில் நடக்கிறோமே, அதே மாதிரி. ஊசி ஆடும், கால் விலகும், ஊசியைச் சரிசெய்வார்கள், மறுபடி விலகும். திசை சரியாக இருக்கும். கோடு மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து போயிருக்கும். மருந்து எளிது. ஊசியைப் பார்த்துத் திசையைப் பிடி. அந்தத் திசையில் தூரத்தில் ஒரு வேப்பங்கிளையோ, சுவரில் உதிர்ந்த காரையோ எது தெரிகிறதோ அதைக் கண்ணில் வை. பிறகு கம்பாஸை இறக்கிவிட்டு அதை நோக்கி நட. இதற்காகவே மூன்று மூன்று பேராகப் பிரிப்பேன். ஒருவர் ஊசி பார்க்க, ஒருவர் குறி வைக்க, ஒருவர் அடி எண்ண.

அடி எண்ணுவதற்கு முன்னால் தன் அடியின் நீளம் தெரிய வேண்டும். ஐம்பது மீட்டர் நாடாவைத் தரையில் விரித்து ஒவ்வொருவரும் மூன்று தடவை நடந்து எண்ண வேண்டும். முதல் தடவை எல்லாரும் பட்டாளத்துக்காரர்கள் மாதிரி நடப்பார்கள். மூன்றாவது தடவைதான் சொந்த நடை வரும்; அந்தக் கணக்கைத்தான் எழுதிக்கொள்ளச் சொல்வேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐம்பது மீட்டர் எண்பது அடிக்கு முன்பின் வரும். அறுபது அடி நடந்து ஒரு பாகை தவறினால் ஏறக்குறைய ஓர் அடி விலகியிருப்போம். இந்த ஒரு கணக்கு போதும். இதைத் தெரிந்தவன் அளப்பதில் கவனக்குறைவாக இருக்கமாட்டான்.

இனிமேல் முக்கோணம். சாரணர்களுக்கு இது பழைய விளையாட்டு. கிளம்பும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் புல்லுக்குள் போட்டு மறைத்துவிட வேண்டும். நாற்பது பாகையில் நாற்பது அடி. நின்று, 120 கூட்டு. 160 பாகையில் நாற்பது அடி. மறுபடி 120 கூட்டு. 280 பாகையில் நாற்பது அடி. எல்லாம் சரியாக இருந்தால் நாணயம் காலடியில் கிடக்க வேண்டும். கிடந்தால் அந்த ரூபாய் அவர்களுக்கு. ஒரு ரூபாய்க்கு அந்தக் காலத்தில் ஐஸ் கிடைக்கும் என்பதால் அக்கறை அதிகம்.

ஏன் 120? சமபக்க முக்கோணத்தின் கோணம் அறுபது என்று கணக்கு வகுப்பில் படித்திருக்கிறார்களே? ஒரு வருஷம் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் மூன்று பேர் ஒரே குழுவாகச் சேர்ந்துகொண்டு, "சார் தப்பா சொல்லிட்டாரு, அறுபதுதான் கூட்டணும்" என்று முடிவுசெய்து நடந்தார்கள். நாற்பது, நூறு, நூற்றறுபது. மூன்றாவது நாற்பது அடி முடிந்தபோது அவர்கள் கிழக்குச் சுற்றுச்சுவரோரம் நின்றிருந்தார்கள். நாணயத்துக்கும் அவர்களுக்கும் நடுவே எத்தனை அடி என்று எண்ணச் சொன்னேன். எண்பது. கணக்கு வாத்தியாரை மைதானத்துக்கே கூப்பிட்டு வந்தேன். அவர் மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். அறுபது அறுபதாகத் திரும்பினால் வருவது அறுகோணம். மூன்று பக்கம் நடந்தவன் அறுகோணத்தின் எதிர்முனையில்தான் நிற்பான். அந்தத் தூரம் பக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. அறுபது என்பது மூலைக்கு உள்ளே நின்று பார்ப்பவன் அளக்கும் கோணம். மூலையில் வந்து திரும்புகிறவன் உடம்பு திரும்புவதோ 120. புறக்கோணம் என்று புத்தகத்தில் போட்டிருப்பது தன் இடுப்பு திரும்பிய கோணம்தான் என்று அந்த மூன்று பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கணக்கு வாத்தியாரும் அதன் பிறகு எங்களோடு அடிக்கடி வெயிலுக்கு வந்தார். இன்னொரு குழு 150 பாகையில் தொடங்கிவிட்டு, "சார், 390 டிகிரி கம்பாஸ்ல இல்லையே" என்று வந்து நின்றது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் அவர்களே முப்பதுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இந்தச் சொற்பொழிவுக்கு நான் ஒப்புக்கொண்டதே இதைச் சொல்வதற்காகத்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம். காலை முதல் பாடவேளை. பன்னிரண்டு குழுக்கள், பன்னிரண்டு கம்பாஸ், பன்னிரண்டு நாணயங்கள். பெரும்பாலான குழுக்கள் நான்கு, ஐந்து, ஏழு அடி என்று விலகி நின்றன. ஒரு குழு மட்டும் நாணயத்தைக் கிட்டத்தட்ட மிதித்தது. ஒன்றரை அடி கூட விலகவில்லை. நான் எல்லாரையும் உட்கார வைத்து, கைதட்டச் சொல்லி, ஒரு பேனாவும் பரிசாகக் கொடுத்து, "கவனம்னா இது கவனம்" என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். காலையில் ஆட்டைப் பத்திவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். வகுப்பில் வாயே திறக்காதவள்.

"சார், நாங்க மொத நடை நடக்கும்போது வெயில் வலது கன்னத்துல அடிச்சுது. அவங்களுக்கு எடது கன்னத்துல அடிச்சுது. அவங்க கெழக்க போகல சார், மேக்க போனாங்க."

நான் பார்த்திருக்க வேண்டும். நாற்பது பாகை என்றால் வடகிழக்கு. வேப்பமரத்தை நோக்கிப் போக வேண்டும். அவர்கள் போனது தென்மேற்கே, சத்துணவுக் கூடத்துப் பக்கம். அவர்கள் கம்பாஸை வாங்கிப் பார்த்தேன். ஊசியின் சிவப்பு முனை தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு கம்பாஸ் பெட்டியை நானேதான் பிரேயர் மைக்செட்டுப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் பெரிய காந்தம், அடியில் கிடந்த ஓர் ஊசியை வடக்குத் தெற்காக மாற்றிவிட்டது.

அந்தக் குழு முழுக்க முழுக்கத் தவறான திசையில் போயிருந்தது. ஆனாலும் முக்கோணம் மூடிக்கொண்டது, மற்ற பதினொரு குழுக்களையும்விட அழகாக. 180 பாகை தவறு மூன்று பக்கத்திலும் ஒரே மாதிரி இருந்ததால் முழு உருவமும் அப்படியே திரும்பி மறுபக்கம் போய்விட்டது. கிளம்பிய இடத்துக்குச் சரியாக வந்துவிட்டோம் என்பது, போன வழி சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. இதை அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்த மைதானத்தில் நடத்தியும் எனக்குத் தெரியாது. கருவியை நம்பிய எனக்குத் தெரியாதது, கன்னத்தை நம்பிய பிள்ளைக்குத் தெரிந்தது. பேனாவைத் திருப்பி வாங்கவில்லை. அந்தக் குழு தப்பு எதுவும் செய்யவில்லையே. ஆட்டுக்காரப் பிள்ளைக்கு என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து பாடத்தின் வரிசை மாறிவிட்டது. கம்பாஸைக் கையில் எடுத்ததும் முதல் கேள்வி: "வெயில் எந்தப் பக்கம்?" அடுத்தது: "இது பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

பொய் இரண்டு வகை. மைக்செட்டு செய்தது போல எங்கே போனாலும் ஒரே அளவு சொல்லும் பொய் ஒன்று. அதை மூடிய முக்கோணமும் காட்டாது, திரும்பிப் பார்த்து அளப்பதும் காட்டாது. வெளிச்சாட்சி வேண்டும், சூரியன்தான் மலிவான சாட்சி. மற்றது இடத்துக்கு இடம் மாறும் பொய். இரும்புக் கால்பந்துக் கம்பம், சைக்கிள் நிறுத்தம், சுற்றுச்சுவர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, வாத்தியார் இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்து. இதைப் பிடிக்கத் திரும்பிப் பார்க்க வேண்டும். இங்கிருந்து அந்த மரம் 70 பாகை என்றால், மரத்தடியிலிருந்து இந்த இடம் 250 காட்ட வேண்டும். 262 காட்டினால் இரண்டில் ஏதோ ஓர் இடத்தில் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. எங்கே என்று தேடுவது பிள்ளைகளுக்குப் போலீஸ் வேலை மாதிரி. ஒருமுறை தேடித் தேடி மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய பம்புக்குழாயையே கண்டுபிடித்தார்கள்.

இரும்பைக் கண்டு நகர்ந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். பம்பாய் கொலாபாவில் 1841 முதல் காந்தப்புலத்தை அளந்துவந்த ஆய்வகம் இருந்தது. நகரத்தில் மின்சார டிராம் வரப் போகிறது, அளவுகள் கெட்டுப்போகும் என்றதும், 1904இல் அந்த வேலையைக் கடல் தாண்டி அலிபாகுக்கு மாற்றினார்கள். அங்கே கட்டிய அளவுக்கூடத்தில் இரும்பே சேர்க்கவில்லை. எங்களால் சைக்கிள் நிறுத்தத்தை மாற்ற முடியாது. ஆகவே நாங்கள் இருபது அடி தள்ளி நின்றோம்.

அந்த அலிபாகின் வழிவந்த இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்துக்கு எங்கள் திருநெல்வேலியில், கிருஷ்ணாபுரத்தில், ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நவீன ஆய்வுக்கு எங்கள் ஊரை ஏன் தேடி வந்தார்கள்? காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. லண்டனில் ஒரு காந்த ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் அது அறுபத்தாறு பாகை தலைகுப்புறக் கவிழும். எங்கள் ஊரில் ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். ஊசியைத் திருப்புவது காந்தப்புலத்தின் படுக்கைவாட்டுப் பகுதிதான். அது எங்களிடம் லண்டனைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கம்பாஸ் பாடம் நடத்துவதற்கு இயற்கையே பார்த்துக் கொடுத்த ஊர் என்று நான் பிள்ளைகளிடம் பெருமையடிப்பேன். ஒரு பையனின் மாமா லண்டனிலிருந்து பளபளப்பான கம்பாஸ் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். அது எங்கள் மைதானத்தில் நகரவே மாட்டேன் என்றது. அங்கே வடக்கு முனை தாழும் என்பதால் தெற்கு முனையைக் கனமாக்கிச் சமன் செய்திருப்பார்கள். இங்கே வந்ததும் அந்தக் கனம் தெற்கை இழுத்து, ஊசி தட்டில் உரசிக்கொண்டு நின்றது. ஊர்க்கடையில் வாங்கிய எங்கள் சரக்கு ஜம்மென்று சுழன்றது. வகுப்பில் அன்றைக்குத் தீபாவளி.

இன்னொரு சங்கதி. மெய்யான வடக்குக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களில் அத்தியாயமே இருக்கும். நியூசிலாந்தின் வெலிங்டனில் அது இருபது பாகைக்கு மேல். அங்கே அதை விட்டுவிட்டு நடந்தால் காட்டில் தொலைய வேண்டியதுதான். தமிழ்நாட்டில் அது இரண்டு பாகைக்குள் அடங்கிவிடும். நாற்பது அடி நடைக்கு அதனால் வரும் விலகல் ஒன்றரை அடி. எட்டாம் வகுப்பில் அதைப் போட்டு உழப்ப வேண்டியதில்லை. நமக்கு உழப்ப வேண்டிய விஷயம் வேறு. "சூரியன் உதிக்கும் திசை கிழக்கு" என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லித் தருகிறோமே, அது ஆண்டுக்கு இரண்டு நாள்தான் சரி, மார்ச் 21ஐயும் செப்டம்பர் 23ஐயும் ஒட்டி. ஜூன் கடைசியில் எங்கள் ஊரில் சூரியன் 66 பாகையில் உதிக்கிறது. டிசம்பர் கடைசியில் 114. பிள்ளைகள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மாதம் ஒருமுறை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், ஓர் ஆண்டில் உத்தராயணமும் தட்சிணாயனமும் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று வடநாட்டுப் புத்தகம் சொல்லும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை திருநெல்வேலியில் அது தெற்கே விழும். கைக்கடிகாரத்தை வைத்து வடக்கு கண்டுபிடிக்கும் வித்தையும் இங்கே பலிக்காது.

அப்படியானால் சூரியனை எப்படிச் சாட்சியாக வைப்பது? ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதை நடுவாக வைத்து ஒரு வட்டம் போட வேண்டும். முற்பகலில் நிழல்முனை வட்டத்தைத் தொடும் இடத்தில் ஓர் ஆணி, பிற்பகலில் தொடும் இடத்தில் ஓர் ஆணி. இரண்டையும் கயிற்றால் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்கு. எந்த மாதமானாலும் பிசகாது. கோயில் கட்டும் ஸ்தபதிகளுக்குச் சங்கு நாட்டுதல் என்று இது பரம்பரைத் தொழில். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக்கு இடம் வகுப்பதைச் சொல்லும்போது நூலறிந்தோர் இரண்டு கோல் நிழல் பார்த்து, நண்பகலில் கயிறிட்டு, திசை குறித்ததைத்தான் சொல்கிறார். அதைத் தமிழாசிரியர் செய்யுள் வகுப்பில் பொருள் சொல்லி நடத்துவார். நான் மைதானத்தில் குச்சி நட்டு நடத்துவேன். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்று என்று தெரியாமலே வருஷம் முடிந்துவிடும். பிறகு ஒரு நாள் அவரையும் மைதானத்துக்கு அழைத்துவந்தேன். வேட்டி நுனியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே கயிறு பிடித்தார்.

நிலத்தில் நின்று கற்பிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1794இல் சென்னைக் கோட்டையில் எட்டுப் பிள்ளைகளோடு தொடங்கிய சர்வே பள்ளிதான் பிறகு கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1802 ஏப்ரலில் பரங்கிமலையடியில் வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கிய கோடு, இந்தியா முழுவதையும் அளந்த வேலைக்கு முதல் கோடு. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி வட்டு நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைச் சீராக்கினார். அவருடைய கருவி கெட்டது ஊருக்கே சத்தமாகக் கேட்டது. எங்கள் கம்பாஸ் சத்தமில்லாமல் கெட்டது. அதனால்தான் ஆட்டுக்காரப் பிள்ளையை இன்னும் மறக்க முடியவில்லை.

"எல்லாம் போனில் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. போனுக்குள்ளும் காந்த உணரிதான். இரும்பு மேசையில் வைத்தால் அதுவும் பொய்தான் சொல்லும், நம்பிக்கை தரும் குரலில். போனைத் தடைசெய்யச் சொல்லவில்லை. மைதானத்துக்கு அதையும் ஒரு சாட்சியாக எடுத்து வாருங்கள். ஊசியோடும் நிழலோடும் சேர்த்து விசாரியுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு உள்ள பயம் எனக்குத் தெரியும். வெயில், முள், பாம்பு, பெற்றோர். என் தலைமையாசிரியர் ஒருவர், "பிள்ளைங்கள வெளியில விட்டா பாடம் எப்போ நடத்துவீங்க?" என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். காலை முதல் பாடவேளை, தொப்பி, தண்ணீர், சுற்றுச்சுவருக்குள் என்ற நாலு விதி போதும். ஆண்டுக்கு நான்கு வகுப்பு. மதிப்பெண்ணை மட்டும் மாற்றிப் போடுங்கள். நாணயத்தை மிதித்தவனுக்கு ஐந்து என்றால், ஏழு அடி விலகி நின்று, ஏன் ஏழு என்று காரணம் கண்டுபிடித்தவனுக்குப் பத்து போடுங்கள். நான் அப்படித்தான் போட்டேன். அதற்கும் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த உரைக்காக எனக்குத் தருவதாகச் சொன்ன மதிப்பூதியத்தை உறையில் போட வேண்டாம். நல்ல கம்பாஸ் ஒன்று கிரிக்கெட் மட்டையின் விலைக்குள் கிடைக்கும். எத்தனை வருமோ அத்தனை வாங்கி, இந்த வளாகத்துப் பள்ளிக்கே கொடுத்துவிடுங்கள். வாங்கும்போது கடைக்கு வெளியே கொண்டுவந்து, காலை வெயிலில் ஒவ்வொன்றாக வைத்து, சிவப்பு முனை வடக்கைத்தான் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பள்ளியில் எந்த அலமாரியில் வைத்தாலும் சரி, மைக்செட்டின் மேல் மட்டும் வைக்க வேண்டாம்.